ஐந்தாம் நம்பர் தம்ளர்

1

நான் இங்கே பார்க்கிற வேலையை ஊருக்கு இதுவரை எழுதியதில்லை. பழக்கடையில் இருக்கிறேன் என்றுதான் எழுதிவந்தேன். முழுப் பொய்யில்லை, திராட்சையும் பழந்தானே. இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. யாருக்குப் பயந்து மறைத்தேனோ அவள் போய்விட்டாள். அதனால் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் பிரெஸ்னோ என்ற பட்டணத்தில், ஓர் இத்தாலிக்காரக் கிழவரின் ஒயின் கடையில், விலை குறைந்த ஒயின்களை வாயில் விட்டுப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பத்துக்கு மார்க்குப் போடுகிறேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நெய்யூருக்கு வடக்கே ஒரு மைலில் பிறந்து, பத்தொன்பது வயதில் சபையின் மதுவிலக்குக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால், குடிக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவன் நான். அந்தக் கையெழுத்தை இன்றைக்கு ஒரு மாதத்துக்கு முன்புவரை காப்பாற்றியும் வந்தேன். எப்படி என்று கேட்பீர்கள்.

இந்த நாட்டில் பதிமூன்று வருஷத்துக்கு மேல் மது கூடாது என்று சட்டம் இருந்தது. இரண்டரை வருஷத்துக்கு முன்பு அதை எடுத்தார்கள். எடுத்ததுதான் தாமதம், திராட்சைக்கொடி வைத்திருந்தவன் எல்லாம் பீப்பாயை நிரப்பினான். பாதிப்பேருக்குக் கைப்பழக்கம் விட்டுப்போயிருந்தது. பத்துப் பீப்பாய் வந்தால் நாலு புளித்துக் காடியாகும் வழியில் பாதித் தூரம் போயிருக்கும். பணக்காரர்கள் பிரெஞ்சுச் சீட்டு ஒட்டின குப்பி வாங்குவார்கள். பழம் பறிக்கிறவனுக்கும் ரயிலில் மூட்டை ஏற்றுகிறவனுக்கும் சாப்பாட்டோடு குடிக்க மலிவாக ஒரு பெரிய ஜாடி வேண்டும். அந்த ஜாடிக்குள் காடி இருந்தால் மறுநாள் கடைக்கு முன்னால் சண்டை. அங்கேதான் என் நாக்குக்கு வேலை.

கிழவர் பெயர் பெப்பே. அவர் பேசும் இங்கிலீஷ் பாதி இத்தாலி, என்னுடையது பாதி நாகர்கோவில். இரண்டையும் எழுத்தில் கொண்டுவர எனக்குச் சாமர்த்தியம் போதாது. அவர் பேச்சையும் நம்மூர்ப் பேச்சாகவே எழுதிவிடுகிறேன். அவர் குணத்துக்கும் அதுதான் பொருந்துகிறது.

தம்ளர்களை வரிசையாக வைப்பார். எது யாருடைய தோட்டத்துச் சரக்கு என்று எனக்குத் தெரியாது. அடியில் நம்பர் மட்டும் ஒட்டியிருக்கும். மணம் பார்த்து, ஒரு வாய் எடுத்து, நாக்கின் இரண்டு ஓரத்துக்கும் கொண்டுபோய், மரத்தூள் போட்ட வாளியில் துப்பிவிடுவேன். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏலே, ஒரு மடக்கு முழுங்கதுக்காவ இந்த நாட்டுல ஆளுவ ஜெயிலுக்குப் போனானுவ. ஒனக்கு நான் சம்பளமும் தந்து முன்னால கொண்டாந்து வைக்கேன். நீ துப்புத!"

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யாருக்கு?"

"அம்மைக்கு. சபைக்கு."

"சத்தியம் தொண்டைக்கா, வாய்க்கா?"

"தொண்டைக்கு."

"அப்ப வாயி?"

"வாயி வேலைக்குப் போயிருக்கு."

கிழவர் இருமி இருமிச் சிரித்தார். எனக்கும் அன்று அது நல்ல பதிலாகத்தான் தோன்றியது.

2

மார்க்குகளை ஒரு நோட்டில் தமிழில் எழுதிவைக்கிறேன். ஒயினுக்கென்று இவர்கள் வைத்திருக்கும் சொற்கள் எனக்கு வாயில் நிற்கவில்லை. வாயில் நின்ற சொற்கள் எல்லாம் ஊருடையவை. ஒரு கிளாரெட்டுக்கு, "ஆரல்வாய்மொழிக் காற்றில் வாயைத் திறந்துகொண்டு நின்றதுபோல் நாக்கு வறள்கிறது, ஆனால் அசிங்கமில்லை, ஆறு" என்று எழுதியிருக்கிறேன். ஒரு பர்கண்டிக்கு, "அருமனையில் ரப்பர்ப்பால் உறையவைத்த தட்டின் வாடை, மூன்று." ஜின்ஃபன்டெல் என்று இங்கே ஒரு ஜாதி உண்டு, மலிவில் அதுதான் மானமுள்ளது. அதற்கு, "கடன் கேட்க வந்தவன்போல் முதலில் பணிவு, பிறகு அதிகாரம், ஏழு." போர்ட் என்கிற இனிப்புச் சரக்கு ஒன்றுக்கு, "ஆஸ்பத்திரியில் மூக்கைப் பிடித்து ஊற்றுவார்களே, அதில் சர்க்கரை போட்டால், நாலு."

ஒருநாள் வாடிக்கைக்காரர் ஒருவர் இது எப்படியிருக்கும் என்று கேட்டபோது, மலைக்கணவாயில் வாயைத் திறந்துகொண்டு நிற்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லப்போனேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெப்பே என்னை உள்ளே இழுத்தார்.

"ஒயினு வாங்க வந்தவனுக்கு நீ மலைக்குப் போவ வழி சொல்லுத. 'வறண்டது'ன்னு ஒத்தச் சொல்லு போதும்லா?"

போதுந்தான். ஆனால் என்னைக்கொண்டு ஒரு சொல்லில் எதையும் சொல்ல முடிந்ததில்லை. ஊரிலே என் தங்கை தங்கம்மை சொல்வாள்: "அண்ணனுக்கிட்ட மணி என்னன்னு கேட்டா, கடியாரம் வாங்கின கதையிலிருந்து தொடங்கும்."

3

கிழவர் அடிக்கடி கேட்பார்: "இந்த நாக்கு ஒனக்கு எங்கேருந்துலே?" கோயிலில் இருந்து என்பேன். கேலி என்று நினைப்பார்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, போதகரிடம் படித்துச் சேர்ந்தவர்கள் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கும் நாள். அதற்குப் புளித்த ரசம் கூடாது என்பது மிஷன் காலத்திலிருந்தே உள்ள கட்டளை. உலர்ந்த திராட்சையை வெந்நீரில் ஊறப்போட்டு, மசித்துக் காய்ச்சி, துண்டுக் கருப்பட்டி கரைத்து, புதுத்துணியில் வடிகட்டி எடுப்பார்கள். அந்த வேலை என் அம்மை ஞானம்மையின் கையில் இருந்தது. அப்பன் போனபிறகு போதகர் அதை அவளுக்குக் கொடுத்தார். வேறு எந்த மரியாதையும் அவளுக்கு ஊரில் கிடையாது, இது ஒன்றுதான்.

சனிக்கிழமை பின்நேரம் அடுப்பு மூட்டுவாள். நம் வெயிலில் திராட்சைச்சாறு ஞாயிறு காலைக்குள் திரும்பிவிடும், அதாவது நுரைகட்டிப் புளித்துவிடும். குறையக் காய்ச்சினால் புளிக்கும், கூடக் காய்ச்சினால் அடிபிடித்துக் கருகும். நடுவில் ஒரு நொடி உண்டு. அதைக் கண்டுபிடிக்க ருசி பார்க்கவேண்டும். அவள் பார்க்கமாட்டாள். "நாளைக்கு அவருக்க மேசையில வாங்கப்போறதை இன்னைக்கு அடுப்படியில நக்கிப் பாக்கவா?" என்பாள். தங்கம்மை பதினாறு வயதிலேயே திருவிருந்துக்குச் சேர்ந்துவிட்டாள், அதனால் அவளும் ஆகாது. வீட்டில் சேராதவன் நான் ஒருவன்தான். வயது இருபதாகியும் போதகர் வகுப்புக்குப் போகாமல் ஆற்றங்கரையில் சுற்றினேன். அதனால் அந்த நாக்கு எனக்கு வாய்த்தது.

"ஏலே மக்கா, இஞ்ச வா. கைய நீட்டு."

அகப்பையிலிருந்து உள்ளங்கையில் ஒரு துளி விழும். சுடும். நக்குவேன்.

"புளிச்சிருக்கா?"

"இல்ல."

"அடி பிடிச்சிருக்கா?"

"இன்னும் இல்ல. ரெண்டு கொதி கூடினா பிடிக்கும்." நாங்கள் மேற்குப் பக்கத்துக்காரர்கள், போதும் என்பதற்கு மதி என்போம். "மதி, அம்மா. இறக்கு."

அந்த நிமிஷமே சட்டி இறங்கிவிடும். ஒருநாளாவது, "ஒனக்கு நிச்சயந்தானா?" என்று அவள் கேட்டதில்லை. ஊர் முழுக்க என்னை உருப்படாதவன் என்று சொன்ன காலம் அது. என் ஒரு சொல்லுக்கு அடுப்பிலிருந்து சட்டி இறங்கியது அந்த ஓர் இடத்தில்தான்.

அவளுக்கு இரண்டு ஆசைகள் இருந்தன, அதுதான் சிக்கல். நான் சேரவேண்டும், அவள் பக்கத்தில் இருந்து திருவிருந்துப் பாத்திரம் வாங்கவேண்டும். சட்டியை இறக்கச் சொல்லவும் நானே வேண்டும். சேர்ந்தால் ருசி பார்க்க ஆளில்லை. நான் அதையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

"நான் சேந்துட்டா ஒனக்குச் சட்டியை யாரு இறக்கச் சொல்லுவா?"

"அது கர்த்தரு பாத்துக்கிடுவாரு. நீ ஒனக்க ஆத்துமாவப் பாரு, மூதி."

1921-இல் கொழும்புக்குப் போய்க் கப்பல் அடுக்களையில் வேலைக்குச் சேர்ந்தேன். போகும்போது சேர்ந்திருக்கவில்லை. ஒரு வருஷத்தில் வந்து சேர்ந்துவிடுகிறேன் என்று வாசலில் நின்று சொன்னேன்.

4

கப்பல் சான்பிரான்சிஸ்கோவில் நின்றது. இறங்கினவன் திரும்ப ஏறவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்படி வந்தவனுக்கு இங்கே காகிதம் இல்லை, நிலம் வாங்க உரிமையில்லை, இந்த நாட்டுப் பிரஜையாகவும் முடியாது. வெளியே போனால் மறுபடி உள்ளே வரமுடியாது. முதல் இரண்டு வருஷம் திராட்சை காயப்போடும் தோட்டங்களில் இருந்தேன். அம்மை நாகர்கோவில் கடையில் கைப்பிடியளவு வாங்கி, பூச்சி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துச் சட்டியில் போடுவாளே, அந்தத் திராட்சை இங்கே மண்ணில் தட்டு விரித்து மைல் கணக்கில் காய்கிறது. காலில் மிதிபடுகிறது.

ஒரு பொட்டலம் அவளுக்கு அனுப்பினேன். ஒன்றரை வருஷம் கழித்து அது என்னிடமே திரும்பி வந்தது, மேலே பல ஊர் முத்திரை, உள்ளே புழு. சுங்கத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிப் போகும்படி இங்கிலீஷில் ஒரு நோட்டீசு அவளுக்குப் போயிருக்கிறது. வாசித்துச் சொன்னவர், "சர்க்காரு கூப்பிடுகு" என்று மட்டும் சொன்னாராம். மகன் வெளிநாட்டில் என்ன செய்து மாட்டிக்கொண்டானோ என்று பயந்து, அந்த நோட்டீசைப் பைபிளுக்குள் மடித்து வைத்துவிட்டாள்.

மெக்சிகோக்காரப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்தேன். அவள் ரோமன் சபை. ஒரு மகள், பன்னிரண்டு வயது. ரோசா ஞானம்மை என்று பெயர் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பெயரை விட்டுவிட்டார்கள். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. வீட்டில் தாயோடு ஸ்பானிஷ், தெருவில் இங்கிலீஷ். தமிழில் அவளுக்குத் தெரிந்தது "சோறு", "போதும்", "வா" என்கிற மூன்றுதான். போன வருஷம் வெள்ளை உடுப்புப் போட்டுத் தாயின் கோயிலில் முதல் நற்கருணை, அதாவது அவர்கள் முறைத் திருவிருந்து, வாங்கினாள். நான் கடைசி வரிசையில் இருந்து பார்த்தேன். என் மகள் வாங்கிவிட்டாள், நான் வாங்கவில்லை.

நம் சபையைப் போன்ற கோயிலும் இங்கே இருக்கிறது. வந்த புதிதில் போனேன். பின்வரிசையைக் காட்டினார்கள். திருவிருந்துத் தட்டு வரிசை வரிசையாக வந்தது. எனக்கு முந்தின வரிசையோடு திரும்பிப் போய்விட்டது. தட்டைத் தூக்கி வந்தவர் என்னைப் பார்க்கவில்லையோ என்னவோ. நான் பிறகு போகவில்லை.

அம்மைக்காகத் தங்கம்மை எழுதும் கடிதங்களில் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "ஒரு தடவை வந்து எனக்குப் பக்கத்திலே இருந்து பாத்திரம் வாங்கு மக்கா. பொறவு எங்கே வேணும்னாலும் போ."

போன வருஷம் அவளுக்குக் கால் வீங்கியிருப்பதாகக் கடிதம் வந்தது. மனம் பொறுக்காமல், பிடிபட்டாலும் படட்டும் என்று ஒரு சர்க்கார் ஆபீசுக்குப் போனேன். இங்கிலீஷுக்குத் துணையாக ரோசாவையும் கூட்டிப்போனேன்.

"எந்த நாடு?" என்றார் மேசைக்காரர்.

"திருவிதாங்கூர்."

ஒரு புத்தகத்தைப் புரட்டினார். "அப்படி ஒன்றுமில்லை. பிரிட்டிஷ் பிரஜையா?"

"மகாராஜா பிரஜை."

"எந்த மகாராஜா?"

நான் மகாராஜாவின் பட்டங்களை எல்லாம் சொல்லத் தொடங்கினேன். ரோசா இடையில் புகுந்து, "இந்தியா" என்றாள். அவருக்கு நிம்மதியாகிவிட்டது, எழுதிக்கொண்டார்.

"போய்விட்டுத் திரும்பி வரமுடியுமா?" என்று கேட்கச் சொன்னேன். அவள் கேட்டாள். அவர் பதில் சொன்னார். அதை அவள் எனக்குத் திருப்பிச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் இங்கிலீஷில் கேட்டாள்: "நீ எங்களை விட்டுப் போகப் போறியா, இல்லையா? அதை மட்டும் சொல்."

இல்லை என்றேன். அன்றைக்கே அம்மைக்கு எழுதினேன்: அடுத்த வருஷம் பார்க்கலாம்.

5

போன மாதம் தங்கம்மையின் கடிதம் வந்தது. வந்துசேர இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் எழுதினபடியே இங்கே எழுதுகிறேன்.

"அண்ணா, அம்மை போயிட்டா. சனியாழ்ச்ச பின்னேரம் திருவிருந்துக்கு அடுப்பு மூட்டினா. கால் வய்யாத்ததினால பலகை போட்டு இருந்துதான் காய்ச்சினா. நான் தண்ணிக்குப் போயிட்டு வாறப்போ முற்றத்திலேயே கருகின வாடை. ஓடிவந்து பாத்தேன். சுவரிலே சாஞ்சு இருந்தா, கையிலே அகப்பை. சட்டி அடியோட கரிஞ்சுபோச்சு. மறுநாள் சபையிலே திருவிருந்து வைக்கல்ல, அடக்கந்தான் வச்சாவ.

உன்கிட்ட இதுவரை எழுதாத்த ஒரு காரியம். நீ போனபொறவு அம்மைக்குச் சாறு காய்ச்சப் பயம். புளிச்சிருமோ, அவருக்க மேசையிலே கள்ளுமாதிரி நிக்குமோன்னு பயந்து, கொதிமேலே கொதி வச்சுக் குழம்பாட்டு ஆக்கிருவா. கரிஞ்சிருக்குன்னு பெண்டுவ எல்லாம் முகத்தைச் சுளிக்கும். வேற ஆளை வச்சு ருசி பாரு, திருவிருந்துக்குச் சேராத்தவன் ஊரிலே எத்தனை பேரு உண்டுன்னு நானும் சொல்லிப் பாத்தேன். 'அவனுவளுக்க நாக்கை நான் நம்பமாட்டேம்டி. எனக்க மவன் வந்து இறக்கச் சொல்லட்டும்'னு சொல்லுவா. பதினஞ்சு வருசம் எங்க சபை கரிஞ்ச சாறுதான் குடிச்சுது அண்ணா. போதகரு ஒரு வார்த்தை சொன்னதில்ல."

மத்தியானச் சாப்பாட்டு மேசையில் வைத்து வாசித்தேன். ரோசா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்றாள். என் அம்மை என்றேன். "அவள் நல்லவளா?" என்று கேட்டாள், புதிதாக வரப்போகும் டீச்சரைப் பற்றிக் கேட்கிறமாதிரி. ஆமாம் என்றேன். கடிகாரம் வாங்கின கதையிலிருந்து தொடங்குகிறவனுக்கு அன்று அந்த ஒரு சொல்தான் வந்தது.

கடைக்குப் போய் நோட்டை எடுத்து அந்தச் சனிக்கிழமையைத் தேடினேன். அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சனிக்கிழமை ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதற்கு நாலு நாள் முந்தி, செவ்வாய்க்கிழமை, ஏழு தம்ளர். அதே நாள் இல்லை, அதனால் அற்புதம் என்று யாரும் கோயிலில் எழும்பிச் சாட்சி சொல்லவேண்டாம். என் கையெழுத்தில் இருந்ததை மட்டும் சொல்கிறேன்.

"ஐந்து. இனிப்பு ஜாதி. கருகல். சாறைக் காய்ச்சிக் குறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். புளித்துவிடுமோ என்று பயந்து பயந்து காய்ச்சின கை. பக்கத்தில் நின்று போதும் என்று சொல்ல ஒரு நாக்குக்கு வழியில்லாத வீடு போலும். பத்துக்கு இரண்டு."

அன்று இதைப் பெப்பேக்கு இங்கிலீஷில் சொல்லிக் காட்டினேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தப் பீப்பாயைத் திருப்பி அனுப்பினோம்.

6

மாதிரிக்கு வந்த குப்பிகளைப் பெப்பே எறிவதில்லை, சமையல் காடிக்கு ஆகும் என்று மேசைக்கு அடியில் போட்டுவைப்பார். ஐந்தாம் நம்பர் அங்கே கிடந்தது. பாதிக்கு மேல் இருந்தது. அதே தம்ளரை எடுத்து, கழுவித் துடைத்து, ஊற்றினேன். வெயில் சாயாத நேரம், கடையில் வேறு ஆளில்லை. கிழவர் உள்ளே ஜாடிக்குத் தக்கை செதுக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு வாய் எடுத்தேன். நாக்கின் இரண்டு ஓரத்துக்கும் கொண்டுபோனேன். நாக்கு அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது, அதற்குத் துக்கம் தெரியாது. முதலில் கருப்பட்டி. பிறகு திராட்சைத் தோல். பிறகு அடிப்பிடித்த கசப்பு, தொண்டைக்கு முன்னால் வந்து நின்றது. வாளி காலடியில்தான் இருந்தது.

துப்ப முடியவில்லை.

கையெழுத்து என்னவாயிற்று என்று கேட்கிறவர்களுக்கு: போயிற்று. யாருக்குச் செய்த சத்தியமோ அவள் பதினைந்து வருஷம் காய்ச்சினதில் ஒரு துளிகூட என் தொண்டைக்குள் போகவில்லை. எங்கோ முகந்தெரியாதவன் காய்ச்சினது போயிற்று. இதைத் திருவிருந்து என்று நான் சொல்லவில்லை. ஆசீர்வதிக்க ஆளில்லை, அப்பம் இல்லை, பக்கத்தில் அவள் இல்லை. ஒயின் கடையில் ஒருவன் நின்று ஒயின் குடித்தான், அவ்வளவுதான்.

பெப்பே வாசலில் வந்து நின்றிருந்தார். வாளியைப் பார்த்தார், பிறகு என்னை.

"ஏலே, முழுங்கிட்டியா?"

தலையை ஆட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. தினமும் கேட்பதையே கேட்டார். "மார்க்கு?"

நோட்டு திறந்தே இருந்தது. திருத்தலாமா என்று எனக்கும் ஓர் ஆசை வந்தது. பத்து போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் பொய் சொல்லும் நாக்கு என்றால் அவளுக்கு ஊரிலேயே எத்தனையோ கிடைத்திருக்கும்.

"ரெண்டுதான்," என்றேன்.

தம்ளரில் மீதி இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கிழவருக்குப் புரியாத பாஷையில், சொல்லவேண்டிய நாளில் சொல்லாததைச் சொன்னேன்.

"மதி, அம்மா. இறக்கு."